கையளித்தபோது ஒரு துண்டுச் சீட்டும் தரவில்லை: வன்னியில் சரணடைந்தவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி எடுக்க வருகிறவர்களில் நிறையப் பேர் ஏதாவது ஒரு படிவத்தோடு வருவார்கள். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்து விட்டு வந்ததாகச் சொல்லி, "தம்பி, இதை ஒருக்கா நிரப்பித் தாறியளோ" என்பார்கள். நிரப்பிக் கொடுப்பேன். நிரப்புகிற நேரத்தில் அவர்கள் கேட்பவையும், அவர்களுடைய பிள்ளைகள் கனடாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் போனில் கேட்பவையும்தான் கீழே இருக்கின்றன. நான் சட்டத்தரணி இல்லை. 2009 மே மாதம், அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் முடிந்த நாட்களில், வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தவர்களில் ஒருவன், அவ்வளவுதான்.

2009இல் சரணடைந்த போராளிகள் போர்க்கைதிகளா?

ஊர்ப் பேச்சில் ஆம், சட்டத்தில் இல்லை. 1949 ஆகஸ்ட் 12ஆம் திகதி செய்யப்பட்ட நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளில் மூன்றாவதுதான் போர்க்கைதிகளுக்கானது. அது முழுமையாகச் செல்லுபடியாவது இரண்டு நாடுகள் மோதும்போது. ஒரு நாட்டுக்குள் அரசும் ஓர் ஆயுத இயக்கமும் சண்டை பிடித்தால், நான்கு உடன்படிக்கைகளிலும் பொதுவாக இருக்கிற 3ஆம் உறுப்புரை மட்டுமே பொருந்தும். உள்நாட்டுப் போருக்கென்றே 1977இல் எழுதப்பட்ட இரண்டாம் மேலதிக நெறிமுறையில் இலங்கை சேரவில்லை. உடன்படிக்கைகளை 1959இலேயே ஏற்றுக்கொண்ட நாடு இது. அவற்றுக்கான உள்நாட்டுச் சட்டம் 2006இல்தான் வந்தது.

அரச தாள்களில் எங்கேயும் "போர்க்கைதி" என்ற சொல்லைக் காணமாட்டீர்கள். "சரணடைந்தவர்" என்றும் "புனர்வாழ்வு பெறுபவர்" என்றும்தான் இருக்கும். சனம் இரண்டையும் சொல்வதில்லை. "தடுப்பில இருந்தவர்", "தடுப்பால வந்தவர்" என்றுதான் சொல்லும்.

பெயர் வேறாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுப்பேன்.

மூன்றாம் உடன்படிக்கையின் பின்னிணைப்பில் ஓர் அட்டையின் மாதிரி இருக்கிறது. 15 சென்ரிமீற்றருக்கு 10.5 சென்ரிமீற்றர் அளவு. கலியாண வீட்டு அழைப்பிதழை விடக் கொஞ்சம் சின்னது. பிடிபட்ட ஒவ்வொருவரும் முகாமுக்கு வந்து ஒரு கிழமைக்குள் அதை நிரப்பித் தன் குடும்பத்துக்கும் ஜெனீவாவில் உள்ள தேடல் நிலையத்துக்கும் அனுப்ப இடம் கொடுக்க வேண்டும். பெயர், பிறந்த திகதி, எந்த முகாம், உடல்நிலை எப்படி. வேறு முகாமுக்கு மாற்றினால் மறுபடி ஓர் அட்டை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இன்னொன்று. பிடித்த நாடு ஒரு தகவல் பணியகம் திறந்து, யார் யார் தன் கையில் இருக்கிறார்கள் என்று பதிந்து அறிவிக்கவும் வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் எந்த முகாமுக்கும் போகலாம், கைதியோடு தனியே பேசலாம். சண்டை முடிந்ததும் சுணங்காமல் விடுவிக்க வேண்டும்.

3ஆம் உறுப்புரையில் இவை எதுவும் இல்லை. ஆயுதத்தைக் கீழே வைத்தவரைக் கொல்லாதே, சித்திரவதை செய்யாதே, அவமானப்படுத்தாதே, பணயம் வைக்காதே, ஒழுங்கான நீதிமன்றம் இல்லாமல் தண்டிக்காதே, காயப்பட்டவரைப் பராமரி. இவ்வளவும் இருக்கிறது, இவையெல்லாம் பெரிய விடயங்கள்தான். ஆனால் பெயரை எழுது, வீட்டுக்கு அறிவி என்று அங்கே ஒரு வரி கிடையாது. செஞ்சிலுவைச் சங்கம் "உதவுகிறோம்" என்று கேட்கலாம், அரசு "வேண்டாம்" என்று சொல்லலாம். எங்கள் கரைச்சல் எல்லாம் அந்த இடத்தில்தான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

அப்படியென்றால் சரணடைந்தவரை எதுவும் செய்யலாமா?

கூடாது. சரணடைகிறவரைச் சுடக்கூடாது என்பது எந்த நாடு எதில் கையெழுத்து வைத்தது என்பதைப் பொறுத்த விதி இல்லை. எல்லாப் போருக்கும் எல்லாத் தரப்புக்கும் பொதுவானது. கொலை இலங்கைத் தண்டனைச் சட்டத்திலும் கொலைதான். சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். நாங்கள் கஷ்டப்பட்டது சட்டம் இல்லாததால் இல்லை.

வட்டுவாகலில் உண்மையில் என்ன நடந்தது?

முள்ளிவாய்க்காலிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் வருவதற்கு நந்திக்கடலின் வாய்க்குக் குறுக்கே ஒரு தாழ்ந்த, ஒடுக்கமான பாலம். மே 17, 18ஆம் திகதிகளில் சனம் அதனால்தான் வந்தது. பாலத்தில் நடக்கும்போது கீழே பார்க்கக்கூடாது என்று என் அம்மா சொன்னா. நான் பார்த்தேன்.

அந்தப் பக்கம் முள்ளுக்கம்பி அடித்த வெளி. குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு. ஒலிபெருக்கியில் தமிழில் திரும்பத் திரும்ப ஒரே அறிவித்தல்: இயக்கத்தில் ஒரு நாள் இருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம், பதியாமல் பிறகு பிடிபட்டால் தண்டனை. ஒரு நாள் என்று சொன்னதை யாரும் மறக்கவில்லை. கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு இரண்டு கிழமை பங்கர் வெட்டிய பொடியனும் அதில் அடக்கம், இருபது வருடம் இருந்தவரும் அடக்கம்.

பெற்றோரே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மனைவிமார் கொடுத்தார்கள். சிலர் கைக்குழந்தையோடு குடும்பமாகவே போனார்கள். ஒரு கூட்டம் கத்தோலிக்க குருவானவர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரோடு சேர்ந்து போனது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்தவர், ஆங்கிலம் தெரிந்தவர், அவர் கூட இருந்தால் ஒன்றும் நடக்காது என்று நம்பினார்கள். பெயர்களை எழுதி பஸ்ஸில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் பலர். அடிகளாரும் திரும்பி வரவில்லை.

என் கடைக்கு வருகிற ஒரு அம்மா எல்லாக் கடதாசிகளையும் ஒரு மாரி பிஸ்கட் தகரத்துக்குள் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்பார். மகனுடைய பிறப்புச் சான்றிதழ், பாடசாலை அடையாள அட்டை, எத்தனையோ ஆணைக்குழுக்களின் பதிவுத் துண்டுகள். ஒவ்வொரு தடவையும் வரிசையாக என் மேசையில் அடுக்குவார். "நானே கையைப் பிடிச்சுக் குடுத்தனான் தம்பி. களவாய்ப் பிடிச்சுக்கொண்டு போகேல்ல." அத்தனை கடதாசியில் ஒன்றுகூட அந்த நாளில் அந்த இடத்தில் கொடுக்கப்பட்டது இல்லை. தபால் கந்தோரில் ஒரு பதிவுத்தபால் போட்டாலே துண்டு தருவார்கள்.

எல்லோரும் மே 18இல்தான் சரணடைந்தார்களா?

இல்லை. ஏப்ரல் 20ஆம் திகதி புதுமாத்தளனில் மண் அணையை இராணுவம் உடைத்தபோது ஒரு இலட்சத்துக்கு மேல் சனம் சில நாட்களில் வெளியே வந்தது. புலிகளின் ஊடகப் பேச்சாளராக இருந்த தயா மாஸ்டர் அந்தக் கிழமைதான் சரணடைந்தார். ஓமந்தைச் சாவடியிலும் பிரித்தெடுத்தார்கள். தப்பி மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம் வரை வந்தவர்களை அங்கே வைத்துத் தேடி எடுத்தார்கள். மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி அப்படிக் கைதானவர்.

வெள்ளைக்கொடி விவகாரம் என்பது என்ன?

மே 18 அதிகாலை புலிகளின் அரசியல்துறைப் பொறுப்பாளர் நடேசனும் சமாதானச் செயலகத்தின் புலித்தேவனும் வெள்ளைக்கொடியோடு சரணடையப் போனார்கள். முதல்நாள் இரவு வெளிநாட்டுத் தரப்புகள் ஊடாகத் தொலைபேசியில் பேச்சு நடந்தது. பிறகு இருவரும் இறந்துவிட்டார்கள் என்ற செய்திதான் வந்தது. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 அறிக்கை, சரணடைந்த பிறகு படையினரால் கொல்லப்பட்டிருக்கலாம் என நம்ப நியாயமான காரணம் உண்டு, மேலும் விசாரணை வேண்டும் என்றது. அரசு மறுக்கிறது.

"வெள்ளைக்கொடி வழக்கு" என்ற பெயரில் ஒருவர் சிறைக்குப் போனார் என்பதும் உண்மைதான். அவர் முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. யாரையும் கொன்றதற்காக இல்லை, அது பற்றிப் பத்திரிகைக்குச் சொன்ன பேச்சுக்காக, 2011 நவம்பரில் மூன்று வருடம்.

கைகள் பின்னால் கட்டப்பட்டவர்களைச் சுடும் காணொளியைச் சனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியது. போலி என்றது அரசு. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், தான் நியமித்த நிபுணர்கள் பரிசோதித்ததில் அது உண்மையானதாகவே தெரிகிறது என்றார்.

கழுத்தில் குப்பி கட்டியவர்கள் எப்படிச் சரணடைந்தார்கள்?

வெளிநாட்டில் இருக்கிற இளம் பிள்ளைகள்தான் இதைக் கேட்பார்கள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. சயனைட் குப்பி உயிரோடு பிடிபடக்கூடாது என்பதற்காக இருந்தது. 1987 ஒக்டோபரில் குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 பேர் பலாலியில் அப்படித்தான் இறந்தார்கள். ஆனால் 2009இல் சரணடைந்த பலரின் கழுத்தில் குப்பியே இல்லை. வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று புலிகள் தொடங்கி, கடைசி மாதங்களில் கண்ட இடத்தில் பிடித்துக் கொண்டுபோன பிள்ளைகள் அவர்கள். தப்பி ஓட முயன்ற சனத்தைப் புலிகள் சுட்டதையும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியிருக்கிறது. பிள்ளையைக் கூட்டி வந்து கையளித்த தாய்க்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. பிள்ளை உயிரோடு வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

எத்தனை பேர்? எங்கே வைத்திருந்தார்கள்?

புனர்வாழ்வு பெற்றுப் போனவர்கள் 12,000 பேருக்கு மேல் என்பது அரசின் கணக்கு. வவுனியாவில் பூந்தோட்டம், நெளுக்குளம், பெண்களுக்குப் பம்பைமடு. பொலன்னறுவைப் பக்கம் வெலிக்கந்தை, கந்தகாடு. வழக்குப் போட நினைத்தவர்களைக் கொழும்பில் நாலாம் மாடி என்று சொல்லும் பொலிஸ் விசாரணைப் பிரிவுக்கும் காலியில் உள்ள பூசா தடுப்பு முகாமுக்கும் கொண்டுபோனார்கள். அவர்கள் மீது பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம்.

சாதாரண சனத்தை அடைத்து வைத்த செட்டிக்குளம் மெனிக் பாம் வேறு. அதுவும் முள்ளுக்கம்பிதான், ஆனால் அது இடம்பெயர்ந்தோர் முகாம். 2012 செப்டெம்பரில் மூடினார்கள்.

விருப்பத்தோடுதானே புனர்வாழ்வுக்குப் போனார்கள் என்கிறார்களே?

அவசரகால விதிகள் அப்படித்தான் சொல்லின. தானாகச் சரணடைவதாக எழுத்தில் கொடுக்க வேண்டும், பத்து நாளுக்குள் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்திடம் ஒப்படைக்க வேண்டும், ஒரு வருடம், நீடித்தால் மொத்தம் இரண்டு வருடம். நீதவான் முன்னால் நிறுத்தத் தேவையில்லை, குற்றச்சாட்டும் தேவையில்லை. தடுப்பால் வந்தவர்களிடம் கேட்டால், சிங்களத்தில் அடித்திருந்த தாளில் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தோம் என்பார்கள். அந்த முள்ளுக்கம்பிக்குள் "விருப்பம்" என்று எதைச் சொல்வது?

செஞ்சிலுவைச் சங்கம் எங்கே போயிருந்தது?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி. கடைசி மாதங்களில் காயக்காரரைக் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். பெப்ரவரி முதல் மே வரை, கூடப் போன உறவுகளையும் சேர்த்து 13,000 பேருக்கு மேல். மே 9க்குப் பிறகு கப்பல் கரைக்கு வரவே முடியவில்லை. பாலத்தடியில் அவர்களை நிற்க விடவில்லை. 2009 ஜூலைக்குப் பிறகு புனர்வாழ்வு முகாம்களுக்குள்ளும் போக விடவில்லை. மேலே சொன்னேனே, கேட்கலாம், ஆனால் உரிமை இல்லை என்று. அதுதான் இது.

உள்ளே எப்படி நடத்தினார்கள்?

ஒரே பதில் கிடையாது. முகாமுக்கு முகாம், பொறுப்பதிகாரிக்கு அதிகாரி வித்தியாசம். தச்சு வேலை, மேசன் வேலை, தையல், கணினி, சிங்களம் படித்து வந்தவர்கள் இருக்கிறார்கள்; எங்கள் சந்தியில் வெல்டிங் கடை போட்டிருப்பவர் அங்கே பழகியதுதான் என்பார். 2010 ஜூனில் பூந்தோட்டப் பக்கம் 53 சோடிகளுக்கு ஒரே நாளில் கலியாணம் செய்து வைத்தார்கள். ஹிந்தி நடிகர் ஒருவரும் வந்திருந்தார். படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன.

இரவில் விசாரணைக்குக் கூப்பிட்டதைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சொல்லத் தொடங்கிவிட்டு நிறுத்திவிடுவார்கள். நான் கேட்பதில்லை.

சிறுவர்களை என்ன செய்தார்கள்?

18 வயதுக்குக் குறைந்த 594 பேர் என்று அரசு சொன்னது. அம்பேபுஸ்ஸவிலும் பிறகு இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் வைத்துப் படிக்கவிட்டு 2010 நடுப்பகுதிக்குள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முழு விடயத்திலும் ஓரளவு ஒழுங்காக நடந்தது இதுதான். யுனிசெப் பக்கத்தில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

புலிகள் தாங்கள் பிடித்த சிப்பாய்களை எப்படி நடத்தினார்கள்?

இதைக் கேட்காமல் விட்டால் மேலே எழுதியதற்கு மரியாதை இல்லை. 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் விழுந்தபோது சரணடைந்தவர்களும் கொல்லப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் இருக்கிறது. அதே வன்னியில், செஞ்சிலுவைச் சங்கம் போய்ப் பார்க்க, கடிதம் கொண்டுபோக, உயிரோடு வைத்திருந்த கைதிகளும் இருந்தார்கள். 1994இல் மன்னார்க் கடலில் மூழ்கடிக்கப்பட்ட சாகரவர்த்தன கடற்படைக் கப்பலின் தளபதி அஜித் போயகொட எட்டு வருடம் கைதியாக இருந்து 2002இல் வீடு போனார். அந்த வருடம் செப்டெம்பர் 28 ஓமந்தையில் ஏழு பேரைப் புலிகள் விட, 13 பேரை அரசு விட்டது.

போயகொடவின் வீட்டுக்கு அவர் உயிரோடு இருப்பது தெரிந்திருந்தது, கடிதம் போனது. பட்டியலில் பெயர் இருந்தது. தமிழ்க் கைதிகளுக்கு, அதாவது புலிகளுக்கு எதிரானவர்கள் என்று துணுக்காயில் அடைக்கப்பட்டவர்களுக்கு, அதுவும் இருக்கவில்லை. அந்தக் குடும்பங்களும் இன்னும் எங்களுக்குள்தான் இருக்கின்றன, பேசுவது குறைவு.

வெளியே வந்தவர்களின் பாடு?

விடுதலைப் பத்திரத்தை லெமினேற் செய்யத்தான் முதலில் என் கடைக்கு வந்தார்கள். வியர்வையில் நனையாமல் சட்டைப் பைக்குள் வைத்திருக்க வேண்டும், எங்கே மறித்தாலும் காட்ட வேண்டும். முதல் வருடங்களில் இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைப்பது, வீட்டுக்கு சி.ஐ.டி. வருவது. கடன் கேட்டால் யோசிப்பார்கள், பெண் கேட்டால் இன்னும் யோசிப்பார்கள். பெண் போராளிகளுக்கு இது இரட்டிப்பு. தமிழினி 2013இல் விடுதலையாகி 2015 ஒக்டோபரில் புற்றுநோயில் இறந்தார்.

நீதிமன்றம் போனவர்களுக்கு என்ன கிடைத்தது?

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010இல் வன்னிக்கு வந்தபோதே பெண்கள் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். சரணடைந்த பின் காணாமல் போனவர்கள் பற்றி விசாரிக்க வேண்டும் என்று அரசு நியமித்த அந்த ஆணைக்குழுவே 2011 அறிக்கையில் எழுதியது. 2013இல் திருகோணமலை அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த எழிலனின் மனைவி அனந்தி சசிதரனும் வேறு குடும்பங்களும் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அதன் விசாரணை முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் நடந்தது. 2016இல் ஒரு படைப்பிரிவின் தளபதி சரணடைந்தவர்களின் பட்டியல் தங்களிடம் இருக்கிறது என்று கூண்டில் நின்று சொன்னார். அன்று பின்னேரம் கடையில் ஒரே ஆரவாரம். கடைசியில் கொண்டுவந்து கொடுத்தது புனர்வாழ்வு பெற்று வீடு போனவர்களின் பட்டியல்.

மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

எடுத்தால் குற்றம் இல்லை, எடுக்காவிட்டாலும் குற்றம் இல்லை. 2016 முதல் "காணவில்லை" என்றே பதியும் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. காணி, வங்கி, ஓய்வூதிய அலுவல்களுக்கு அது போதும், இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்கத் தேவையில்லை. 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். அடுத்த நாள் ஒரு ஐயா வந்து கேட்டார்: "செத்திட்டினம் எண்டு தெரியுமெண்டால், எங்கை, எப்பிடி எண்டும் தெரியுந்தானே?"

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கிய, பிள்ளைகள் எங்கே என்று கேட்கும் போராட்டத்தில் இருந்த பெற்றோரில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களுக்கு மரணச் சான்றிதழ் உடனே கிடைத்தது.

படிவத்தில் "கடைசியாகக் கண்ட இடம்" என்று இருக்கிறது. என்ன எழுதுவது?

"காணாமல் போன இடம்" என்று மாற்றி எழுத விடாதீர்கள். கையளித்த இடத்தை எழுதுங்கள்: வட்டுவாகல், பாலம் தாண்டி, முல்லைத்தீவுப் பக்கம். திகதி, நேரம் நினைவிருந்தால் நேரம். யாருடைய கையில் கொடுத்தீர்கள், சீருடை என்ன, கூட யார் நின்றார்கள். ஒரு வரிதான் விட்டிருப்பார்கள், காணாது. "இணைப்புப் பார்க்க" என்று போட்டு இன்னொரு தாளில் எழுதலாம். ஒவ்வொன்றிலும் மூன்று கொப்பி எடுத்து, கொடுக்கும் கந்தோரில் திகதி முத்திரை குத்தி ஒரு கொப்பியைத் திருப்பி வாங்குங்கள். முத்திரை இல்லாமல் எழும்பி வராதீர்கள்.

பிஸ்கட் தகர அம்மாவுக்குப் போன மாதமும் ஒரு படிவம் வந்தது. அந்த வரிக்கு வந்ததும், எழுதுகிறேன் என்று நான் பேனையை எடுக்க, அவர் தடுத்துவிட்டுத் தானே எழுதினார். வட்டுவாகல் என்று எழுதவில்லை. "பஸ்ஸில், வலப்பக்கம், யன்னல் சீற்" என்று எழுதினார்.